அப்பாவிடம் ஃபால்ட்டைக் கேளுங்கள்: ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியரின் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் போட்டோம். பிறந்த ஊர், படிப்பு, வேலையில் சேர்ந்த வருஷம், எந்தெந்த ஆண்டில் என்னென்ன பதவி உயர்வு, ஓய்வுபெற்ற தேதி என்று எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. என் சர்வீஸ் புக்கைப் பார்த்து எழுதினியா?" என்று கேட்டார். அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம், சனிக்கிழமை காலைகளில் அவர் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். அப்பா திருச்சியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தார். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கிய பிறகுதான் அங்கே சேர முடியும், மூன்று வருஷப் படிப்பு. 1963-ல் பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, 35 வருஷம் டெஸ்டிங் பிரிவிலேயே இருந்து, 1998-ல் வெளியே வந்தார். இதுபோல ஓர் அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால் நான் தெரிந்துகொண்டது உங்களுக்குப் பயன்படும்.

முதல் சனிக்கிழமை நான் கேட்ட கேள்வி தப்பு. "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்றேன். "என்னத்தச் சொல்றது? காலையில பஸ் ஏறினோம், வேலை பார்த்தோம், சாயங்காலம் வந்தோம்." அத்தோடு முடிந்தது. ரெக்கார்டரில் நாலு நிமிஷம்கூட இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டால் மாணவர்களைப் பற்றிச் சொல்வார். பேங்க் மேனேஜர் ஊர்களைப் பற்றிச் சொல்வார். எலக்ட்ரானிக்ஸ்காரருக்கு ஞாபகம் தங்குவது ஃபால்ட்டில், அதாவது கருவியில் வந்த கோளாறில். எந்த செட், என்ன கோளாறு, எங்கெங்கே தேடினார், கடைசியில் எங்கே அகப்பட்டது என்பதெல்லாம் அறுபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதை வெறும் கேள்வியால் எழுப்ப முடியாது. கையில் ஒரு பொருள் வேண்டும்.

மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின்

பரணில் இருந்த பழைய பிஸ்கட் டின்னை அடுத்த வாரம் இறக்கினேன். உள்ளே பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் இரண்டு, கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் ஒன்று, தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிய ட்ரான்சிஸ்டர்கள், நூல் கட்டிய ரெஸிஸ்டர் கொத்து. டின்னைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஒரு வால்வை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல பார். வெள்ளி பூசின மாதிரி இருக்கா? அதுக்குப் பேரு கெட்டர். பேரியம். உள்ள மிஞ்சியிருக்கிற காத்தை அது தின்னுடும். கண்ணாடியில எங்கயாவது கீறல் விழுந்து வெளிக்காத்து புகுந்துடுச்சுன்னா இந்த வெள்ளி பால் மாதிரி வெளுத்துடும். இது வெளுக்கல." நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். "இன்னும் உசிரோட இருக்கு."

பிறகு ரெஸிஸ்டரை எடுத்தார். அதன்மேல் இருக்கும் வளையங்களின் நிறத்தை வைத்துத்தான் அதன் மதிப்பைச் சொல்வார்கள். கண் பார்வை மங்கிவிட்டதால் நிறம் பிடிபடவில்லை. "நீ சொல்லு" என்றார். "மஞ்சள், ஊதா, சிவப்பு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "நாலு புள்ளி ஏழு கே" என்றார், அதாவது 4,700 ஓம். அன்றைக்கு அவர் பேசியது ஒன்றேகால் மணி நேரம். ஸ்டோர்ஸில் சீட்டு எழுதிக்கொடுத்து ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும், வயரிங் பிரிவில் பெண்கள் எவ்வளவு வேகமாகக் கை ஓட்டுவார்கள், ஈயம் பற்றவைக்கும்போது எழும் ரோசின் புகை கண்ணில் ஏறினால் எப்படி எரியும் என்பதையெல்லாம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ போங்கள். கொஞ்சம் ரெஸிஸ்டர், ஒரு சால்டரிங் அயர்ன், முள் வைத்த பழைய மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். மீட்டரைக் கையில் கொடுத்தால் அவர்கள் முதலில் செய்வது இரண்டு லெட்டையும் ஒன்றோடொன்று தொட்டு, முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான். அந்த நிமிஷம் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நேரம் காலை வேளையாக இருக்கட்டும், காபிக்குப் பிறகு. முக்கால் மணியில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவரே நீட்டினால் ஒழிய. சொன்ன கதையையே மறுபடி சொன்னால் தடுக்காதீர்கள். என் அப்பா ஒரு கதையை ஐந்து தடவை சொல்லியிருக்கிறார். ஜீப் டிரைவர் அந்தக் கதைக்குள் வந்தது நாலாவது தடவைதான்.

ஒரு ஃபால்ட்டை முழுசாகக் கேட்பது

"உங்களை ரொம்ப அலைக்கழிச்ச ஃபால்ட் எதுப்பா?" இதுதான் நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜோத்பூர்" என்றார்.

ஒரு செட்டைக் கள சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பெங்களூர் லேபில் மூன்று மாதம் ஓடிய செட், ஒரு குறையும் இல்லை. ஜோத்பூர் பக்கத்தில் காலையில் நன்றாக வேலை செய்யும். பதினொரு மணி தாண்டினால் சத்தம் கரகரத்து, மெல்ல மெல்ல அடங்கிப்போகும். பொழுது சாய்ந்தால் தானே உயிர் வரும். முதல் நாள் பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றினார்கள். இரண்டாம் நாள் எங்கோ ட்ரை சால்டர், அதாவது ஈயம் சரியாக ஒட்டாத இணைப்பு, இருக்கிறது என்று ஐம்பது ஜாயின்ட்டை மறுபடி பற்றவைத்தார்கள். மூன்றாம் நாள்தான் அப்பாவுக்கு வெயில்மேல் சந்தேகம் வந்தது.

அந்த செட்டில் இருந்தவை ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர்கள். ஜெர்மேனியத்தில் லீக்கேஜ் கரண்ட் என்று ஒன்று உண்டு, ஓடக்கூடாதபோதும் கசியும் மின்சாரம். சூடு ஏற ஏற அது கூடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெங்களூரின் 25 டிகிரியில் இருந்ததைவிட பாலைவனத்து 45 டிகிரியில் நாலு மடங்கு. தகரப் பெட்டிக்குள் அதற்கும் மேலே. ஆனால் எந்த ட்ரான்சிஸ்டர்? அதைக் கண்டுபிடிக்க அப்பா செய்ததை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்:

"சால்டரிங் அயர்னைத் தொடாம, பக்கத்துல காட்டணும். ஒவ்வொண்ணுக்கும் காட்டிக்கிட்டே வந்தேன். எல்லாம் சூடாகி சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. அப்புறம் பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொரு ட்ரான்சிஸ்டர் தலையிலயும் வச்சேன். ஸ்பிரிட் ஆவியாகும்போது குளுந்துபோகும் பாரு. முதல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஒண்ணுமில்ல. மூணாவது ஸ்டேஜ்ல வச்சதும் ஹெட்போன்ல சத்தம் திரும்பி வந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து எதையோ பிடித்திருந்தன. மெதுவாகக் கீழே இறக்கி, காற்றில் ஓர் இடத்தில் வைத்து, அப்படியே நிறுத்தினார். ரெக்கார்டரில் அது பதியாது. பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு கை செய்வதை எழுதுங்கள்.

ஒரு ஃபால்ட் கிடைத்துவிட்டால் அதைவிட்டு நகராதீர்கள். முதல் அறிகுறி என்ன, முதலில் எதைத் தப்பாகச் சந்தேகப்பட்டார், கூட யார் இருந்தார்கள், கையில் என்ன மீட்டர் இருந்தது, அன்றிரவு எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், சரியானதும் யாரிடம் முதலில் சொன்னார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். தப்பான சந்தேகத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஐம்பது ஜாயின்ட்டைப் பற்றவைத்த அந்த இரண்டாம் நாள் ராத்திரிதான் அப்பாவின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜீப் டிரைவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், விடியும்வரை.

அதே மாதம், அம்மாவிடம்

என்ஜினியரை எழுதுகிறவர்கள் அவர் மனைவியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நானும் ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்டேன். ஜோத்பூர் என்றதும் அம்மா, "அண்ணன் பொறந்தப்போ இவர் அங்கதான் இருந்தார்" என்றார். அப்பா சொன்ன ஐந்து தடவையிலும் இது வரவேயில்லை. திருச்சியில் தாத்தா தந்தி அடித்திருக்கிறார். தந்தி ஊர் ஊராகச் சுற்றி அப்பா கைக்குப் போக நாலு நாள். அவர் குழந்தையைப் பார்த்தது நாற்பதாம் நாள்.

இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டேன். அப்பா எழுந்துபோய் பழைய லேப் நோட்டை எடுத்து வந்தார். பின்னட்டையில் மடித்து வைத்த தந்திப் படிவம். அம்மா அதை அதுவரை பார்த்ததில்லை. கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். என் புத்தகத்தில் அந்த அத்தியாயம் இரண்டு குரலில் இருக்கிறது. இடது பக்கம் அப்பாவின் மே மாதம், வலது பக்கம் அம்மாவின் மே மாதம்.

தந்தியில் இன்னொரு லாபமும் உண்டு. அப்பா 1967 என்று சொல்லிக்கொண்டிருந்தார். தபால் முத்திரை 1968.

வருஷத்தை நேராகக் கேட்டால் இப்படித்தான் ஒன்றிரண்டு முன்பின் ஆகும். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றோடு சேர்த்துக் கேளுங்கள். முதல் ஐ.சி. (சில்லு) உங்க பெஞ்சுக்கு வந்தது வங்கதேசப் போருக்கு முன்னாலா பின்னாலா? நிலாவில் ஆள் இறங்கியபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்? சென்னையில் டி.வி. வந்த 1975 ஆகஸ்ட் 15-க்கு முன்னாலேயே டி.வி. செட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? 1982 ஆசியப் போட்டிக்குக் கலர் வந்ததே, அப்போது? இப்படிக் கேட்டால் அவர்களே கணக்குப் போட்டுச் சரியான வருஷத்தில் வந்து நிற்பார்கள். பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். போஸ்ட் ஆபீஸில் புதுப்பித்த முத்திரைகளே ஒரு நாட்குறிப்பு மாதிரி. எந்த வருஷம் எந்த ஊரில் குடியிருந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சொல்லக்கூடாதது

அப்பா செய்த வேலையில் ஒரு பகுதி ராணுவத்துக்கானது. சில இடங்களில், "அதை விட்டுடு" என்பார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து என்ன என்று தோன்றியது. அரசாங்க ரகசியச் சட்டம் 1923-லிருந்து இருக்கிறது, ஓய்வுபெற்றவரையும் அது கட்டும். அவர் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றுகிறார். நாமும் காப்பாற்ற வேண்டும். கருவியின் பெயர், அலைவரிசை, எட்டும் தூரம், யாருக்காகச் செய்தது எதையும் எழுதாதீர்கள். எழுதியதை எல்லாம் அவரிடம் காட்டி, அடிக்கும் உரிமையை முழுசாக அவருக்கே கொடுங்கள். என் அப்பா பதினோரு வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். ஒன்றைக்கூட நான் ஏன் என்று கேட்கவில்லை. தொழிற்சாலையின் பெயரை இங்கேயும் எழுதாதது அதனால்தான்.

ரெக்கார்டரை அணைக்கச் சொல்லிவிட்டுச் சில மனக்கசப்புகளையும் சொல்வார்கள். அவை அந்த அறையோடு இருக்கட்டும்.

காகிதங்கள், பழைய ரேடியோ

கம்பெனியின் டிராயிங் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதைப் படமெடுக்காதீர்கள், அது அவர்கள் சொத்து. அவர் சொந்தமாக வரைந்த சர்க்யூட்டுகள், நோட்டுகள், கடிதங்கள் நம்முடையவை. அம்மோனியா பிரின்ட்டில் எடுத்த பழைய நகல்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துக்கொண்டே போகும். அவற்றை முதலில் ஸ்கேன் செய்து இருட்டில் வையுங்கள். எதையும் லாமினேட் செய்யாதீர்கள். குரூப் போட்டோவில் ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர் போட்டு, நகலின் பின்னால் பெயர்களை எழுதுங்கள். முகத்தைக் காட்டிப் பெயர் கேட்க இன்னும் எத்தனை சனிக்கிழமை கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்து மேலே ஸ்டிக்கர் ஒட்டிய ஐ.சி. கிடைத்தால் அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். அது ஈப்ராம். புற ஊதா வெளிச்சம் பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும்.

பழைய வால்வு ரேடியோவை ஒருதரம் போட்டுக் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுவார். ஆசை நியாயமானது, ஆனால் நேராக பிளக்கில் சொருகிவிடாதீர்கள். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த செட்டில் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ந்து கெட்டிருக்கும். வால்வு செட்டின் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். சாசிஸே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே, லைவாக இருக்கும் செட்டுகளும் உண்டு, தொட்டால் ஷாக் அடிக்கும். வால்வு செட் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். நாங்கள் கூப்பிட்டவர் 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் ஆன் செய்தார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "ஃபில்டர் கண்டென்சரைத் தொட்டுப் பாருங்க, சூடாகுதா? ஆஃப் பண்ணிட்டு, டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத் தொடுங்க" என்றார். மெக்கானிக் திரும்பி, "சார், நீங்க லைன்ல இருந்தவரா?" என்று கேட்டார். அப்பா முகத்தை நான் அன்றைக்குப் பார்த்ததுபோல வேறு எந்த நாளும் பார்த்ததில்லை.

கூட வேலை பார்த்தவர்கள்

உயர் அதிகாரிகளைத் தேடிப்போக வேண்டாம். டெக்னீஷியனைத் தேடுங்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவரை. அப்பாவின் டெக்னீஷியன் ஓசூரில் இருக்கிறார். போனில் ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். "சார், சொகமா இருக்கீங்களா?" என்று அங்கிருந்து குரல் வந்ததும் அப்பா கன்னடமும் தமிழும் கலந்த பெங்களூர் பாஷைக்கு மாறிவிட்டார். அந்த டெக்னீஷியன் தனியாக என்னிடம் சொன்னது இது: "டெஸ்ட் ரிப்போர்ட்ல ஃபால்ட் எடுத்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. நான் எடுத்தா சார் என் பேரைத்தான் எழுதுவார். மத்த இடத்துல அப்படிக் கிடையாது." அப்பா வாயிலிருந்து இது ஒருநாளும் வந்திருக்காது.

எழுதும்போது

பிறப்பிலிருந்து தொடங்கவேண்டாம். நான் ஸ்பிரிட் பஞ்சிலிருந்து தொடங்கினேன். பேரன் பேத்திகள் முதல் பக்கத்தைத் தாண்டியதே அதனால்தான். பதவி உயர்வுப் பட்டியலைக் கடைசியில் ஒரு பக்கத்தில் வைத்துவிடுங்கள், அதுவும் வேண்டும்.

அவர் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். ட்ரை சால்டர் என்றால் அப்படியே எழுதுங்கள், விளக்கத்தை அவரிடமே வாங்குங்கள். "ஈயம் மேல உட்கார்ந்திருக்கும், ஒட்டியிருக்காது. பளபளன்னு இல்லாம மங்கிக் கிடக்கும். தட்டினா வேலை செய்யும், விட்டா நிக்கும்." எந்த அகராதியிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஜோத்பூரைப் படித்தபோது "அற்புதமான கண்டுபிடிப்பு" என்று நான் எழுதியிருந்த இடத்தில் அப்பா கையைத் தூக்கினார். "கண்டுபிடிப்பெல்லாம் பெரிய வார்த்தை. ஃபால்ட் எடுத்தேன்னு போடு." அப்படியே போட்டேன்.

ஒலிப்பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருந்தால் பின்னால் தேடச் சுலபம்.

பதிவு செய்யும்போதே ஒரு நிமிஷத்தைப் போட்டுக் கேட்டுவிடுங்கள். நான் சட்டையில் மாட்டும் மைக்கைப் போனில் சொருகிப் பதிவு செய்வேன். ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பேசி முடித்தபிறகு, தன் குரலைக் கேட்கவேண்டும் என்றார் அப்பா. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார்.

"ஹம் வருது."

"எனக்குக் கேக்கலையேப்பா."

"அம்பது சைக்கிள், வீட்டுக் கரண்ட்டோட சத்தம். போனை சார்ஜ்ல போட்டுக்கிட்டே ரெக்கார்ட் பண்ணியா?"

பண்ணியிருந்தேன். ஒயரைப் பிடுங்கினேன். மைக்கைத் தானே சரியாக மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இப்போ போடு, முதல்லருந்து சொல்றேன்" என்றார்.